டிக்கெட் பணம் காட்டுக்குப் போய்ச் சேருகிறதா?

தேக்கடியில் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளில் சிலர், ஒரு காலத்தில் அதே காட்டில் வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். வயணா, காட்டு இலவங்க இனம். மசாலா வியாபாரத்தில் அந்தப் பட்டைக்குக் கிராக்கி உண்டு. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். 1990களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியோடு பெரியாறு புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, வனத்துறை இவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. திருட்டை விட்டுவிட வேண்டும், கடத்தல் தடங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு மலைநடைச் சுற்றுலாவை நடத்தும் வேலையும் அதில் வரும் வருமானமும் அவர்களுக்கு.

எந்தப் பாறை இடுக்கில் சரக்கைப் பதுக்குவார்கள், எந்த மேட்டில் இறங்கி எல்லை தாண்டுவார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. பயணிகளோடு நடக்கிற ஒவ்வொரு நடையும் ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் பணத்தைவிடப் பெரிய லாபம் இதுதான் என்பேன். பணத்துக்கும் வழி செய்தார்கள்: 2004இல் பெரியாறு அறக்கட்டளை அமைந்தபின், பயணிகள் தரும் கூடுதல் கட்டணம் அரசு கஜானாவில் கரையாமல் காப்பகத்துக்கே திரும்புகிறது. (சம்பளம் வாங்காமலே முறைபோட்டுக் காவல் சுற்றும் ‘வசந்த சேனா’ பெண்களும் அங்கே உண்டு. எல்லாம் டிக்கெட் விற்றதால் வந்தது என்று எழுதிவிட முடியாது.)

நீலகிரிக்கு வந்தால் கதை வேறு. சீகூர் பீடபூமிக்குத் தெற்கே செங்குத்தான மலைச்சரிவு, வடக்கே மோயாற்றுப் பள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே வலசை போகும் யானைகளுக்கு நடுவிலுள்ள தரைதான் பாதை. மசினகுடி, பொக்காபுரம் பக்கம் அந்தத் தரையில்தான் விடுதிகள் முளைத்தன, வேலிகளோடு. விருந்தாளி பால்கனியிலிருந்து யானை பார்க்க வேண்டும். யானை மட்டும் வளாகத்துக்குள் வரக்கூடாது! 2010இல் தமிழக அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மசினகுடியில் தங்கும் விடுதி அருகே வந்த யானைமீது எரியும் டயரை வீசினார்கள். 2021 ஜனவரியில் அந்த யானை இறந்தது.

புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா கூடாது என்று 2012இல் மத்திய விதிமுறை வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது காப்பகத்தின் மையப்பகுதிக்கு உள்ளே செல்லும் ஜீப்புக்கு. வெளியே பட்டா நிலத்தில் எழும் கட்டடத்துக்கு அல்ல.

தேக்கடி முறையை அப்படியே மசினகுடிக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கிறார்கள். தேக்கடியில் காடும் ஏரியும் அரசிடம் இருக்கின்றன. யாரை, எத்தனை பேரை, யாரோடு உள்ளே அனுப்புவது என்று வனத்துறை தீர்மானிக்க முடிகிறது. சீகூரில் யானை நடக்கும் தரையில் பெரும்பங்கு தனியார் கையில். அங்கே டிக்கெட் முறையைப் பற்றிப் பேசுமுன் நிலத்தை மீட்டாக வேண்டும்.