தகடு ஏறிய கப்பல்கள்

போர்க்கப்பலின் மேல்தளத்தில் நடப்பவன் முதலில் பிடிப்பது ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைத்தான். அலை புரட்டும்போது அவனைக் கடலுக்குள் விடாமல் காப்பது அது. சட்டை காயப்போடுவதும் அதில்தான், கரை தெரிகிறதா என்று சாய்ந்து நின்று பார்ப்பதும் அதில்தான். 1980களில் தருமபுரியில் நாங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் கப்பல்கள் எதிலும் அந்தக் கம்பி இருந்ததில்லை. பீரங்கி இருந்தது, புகைபோக்கி இருந்தது. மனிதன் நடமாடத் தேவையான எதுவும் இல்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. அன்று கைக்கு வந்தவை பெரும்பாலும் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள். கப்பல்களுக்கு அவர்கள் வைத்திருந்த அளவு 1:600. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும்போது அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்த உறுப்பு எளிதில் நிரம்பாது. நிரம்பினாலும் பெட்டிக்குள்ளேயே ஒடிந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டரை 600 மடங்காக்கிப் பாருங்கள்: 30 சென்டிமீட்டர். தளத்தின் ஓரமெல்லாம் தென்னை மரத்தை வரிசையாக நட்டது போலாகிவிடும். அதனால் கம்பியையே விட்டுவிட்டார்கள். ஏணி என்பது சரிந்த கட்டியின் மேல் நாலு கோடு. கதவு ஒரு மேடு. வலையாக இருக்க வேண்டிய ரேடார், ஓட்டையில்லாத தட்டு.

அந்தக் கிட்டுகளும் எளிதில் கிடைக்கவில்லை. வெளிநாட்டு நுகர்பொருள் இறக்குமதியை இறுக்கிக் கட்டியிருந்த காலம். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஒன்று வரும். சென்னைக்குப் போகிறவர் பர்மா பஜாரில் பார்த்து வாங்கி வந்தால் இன்னொன்று. கடல் பார்க்க 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊரில், ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு மிதவை பார்க்காத பையன்கள், பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தை வைத்துக்கொண்டு கப்பல் கட்டினோம்.

பெட்டியின் மேல் இந்தியப் பெயர் எதுவும் இருக்காது. ஆனால் அஜாக்ஸ் இருந்தது. 1939 டிசம்பர் 13 அன்று தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்தருகே ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே கப்பலை எதிர்த்து நின்ற மூன்று கப்பல்களில் ஒன்று அது. அதே சண்டையில் கூட நின்ற தங்கைக் கப்பல் அக்கிலிஸ். அந்த அக்கிலிஸை 1948இல் இந்தியா வாங்கி டெல்லி என்று பெயரிட்டது. 1950இல் நேரு இந்தோனேசியா போனது அதில்தான். பிளேட் ஆற்றுச் சண்டையைப் பற்றி 1956இல் வந்த ஆங்கிலப் படத்தில் அக்கிலிஸாக நடித்ததும் அதே கப்பல். 1961இல் டையூவில் களம் கண்டு, 1978இல் ஓய்வு பெற்றது.

1943 ஜனவரியில் ஒரு ஜப்பானிய விமானக் குண்டு அக்கிலிஸின் பின்பக்கத்துப் பீரங்கி மேடைகளில் உயரத்தில் இருந்ததைச் சிதைத்தது. பிறகு பழுதுபார்த்தபோது அதை எடுத்துவிட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஆகவே அஜாக்ஸ் கிட்டின் நான்கு இரட்டைப் பீரங்கி மேடைகளில் அந்த ஒன்றை ஒட்டாமல் விட்டால் 28 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு டெல்லி உருவாகத் தொடங்கும். இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து அஜாக்ஸ் எனக்கு இந்தியக் கப்பல்தான்.

கம்பிக்கு என்ன செய்தோம்? தருமபுரியில் ஆழ்துளைக் கிணறு எத்தனையோ அத்தனை மோட்டார், அதற்கேற்ற அளவு காயில் கட்டும் கடை. அங்கே மின்விசிறிக்குச் சுற்றும் 36 கேஜ் செம்புக் கம்பி கிடைக்கும். தடிமன் 0.19 மில்லிமீட்டர்.

“எந்த ஃபேனுக்குப்பா?”

“ஃபேனுக்கில்லண்ணே, கப்பலுக்கு.”

அவர் மேலே எதுவும் கேட்காமல் ஒரு முழம் வெட்டிக் கொடுத்துவிடுவார். அதை நறுக்கி, தளத்தில் ஊசியால் குத்திய துளைகளில் ஒவ்வொன்றாக நட்டு, கிட்டின் உறுப்புகள் தொங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தி மேல் காட்டி இழுத்தால் வரும் மயிரிழையைக் குறுக்கே ஓட்டுவோம். அப்போதும் அந்தச் செம்புக் கம்பி 1:600 அளவில் 11 சென்டிமீட்டர் தடித்த தூண்தான். ஆனால் அந்த வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். எந்த இடத்தில் எத்தனை தூண் என்று தெரியாமல் நட முடியாது. அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு மங்கலான பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கியின் கீழ் மாதக் கணக்கில் பார்த்தோம்.

இன்று என் மேசையில் இருப்பது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் போர்க்கப்பல். ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் 1:350 அளவில் வெளியிட்ட கிட். உண்மைக் கப்பல் 118 மீட்டர் என்றால் இது 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதற்குக் கம்பி தேடிக் காயில் கடைக்குப் போக வேண்டாம். ரெயிலிங், ஏணி, கதவு, படகு தூக்கும் டேவிட் எல்லாம் தபால் உறைக்குள் அடங்கும் ஒரு பித்தளைத் தகட்டில் பூவேலை போல வெட்டி வந்துவிடுகின்றன. போட்டோ எட்ச் என்று சொல்லும் இந்தத் தகடு, மாடல் செய்கிறவர்களின் பேச்சில் வெறும் ‘பி.இ.’.

அமெரிக்காவின் கோல்டு மெடல் மாடல்ஸ் 1980களிலேயே கப்பல்களுக்குத் தகடு விற்றது. செக்கோஸ்லோவாகியாவில் 1989இல் தொடங்கிய எடுவார்ட் அதைப் பெரும் தொழிலாக்கியது. நம் பக்கம் அது வந்து சேர இணையக் கடைகள் வரவேண்டியிருந்தது.

வேலை இப்படி. முதலில் கிட்டின் பிளாஸ்டிக் ஏணியையும் கதவு மேட்டையும் பிளேடால் சீவி எடுத்து, தளத்தைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியதை வெட்டி எறிய முதலில் மனசு வராது. பிறகு தகட்டைக் கண்ணாடி மேல் வைத்து, உறுப்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய பாலங்களை அறுக்க வேண்டும். மரப்பலகை மேல் வைத்து அறுத்தால் தகடு அமுங்கி வளையும். மிஞ்சிய மூக்கை அரத்தால் தேய்க்க வேண்டும். மடிக்க வேண்டிய இடங்களில் தகட்டின் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு அரித்திருப்பார்கள். அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடித்தால் மூலை கூர்மையாக நிற்கும். கப்பலின் முகப்பு வளைவுக்கான ரெயிலிங்கை முதலில் தீயில் காட்டிப் பதப்படுத்தினால், துள்ளாமல் சொன்னபடி வளையும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக், ஊசி முனையில் தொட்ட அளவு. ரெயிலிங்குக்கு மட்டும் நான் தண்ணீர் கலந்த ஃபெவிகால் வைக்கிறேன். காய நேரமாகும், அந்த நேரத்தில் நிமிர்த்திச் சரிசெய்யலாம். சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். 1:350இல் ஒரு மீட்டர் உயர ரெயிலிங் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை, காற்று பட்டால் போய்விடும்.

இதில் என்னை ஈர்ப்பது வேலையின் நுணுக்கத்தைவிட அது கேட்கும் கேள்விகள். ரெயிலிங் கப்பலைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடாது. நடுநடுவே இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் ஏணி தொங்கும், படகிலிருந்து ஆள் ஏறுவார்கள். ஏணி எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் காவல் மாற்றும்போது மாலுமி எந்த வழியாகப் போனான் என்று தெரியும். எம்டனின் முந்நூற்றுச் சொச்சம் பேர் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்கும்வரை வாழ்ந்த இடம் அந்தக் குறுகிய தளம். பழைய மாடலில் நாங்கள் செய்தது பீரங்கிகள் ஏறிய மிதவை. தகடு வந்த பிறகுதான் கப்பலில் ஆட்கள் ஏறினார்கள். பொம்மை மாலுமி ஒருவனைக்கூட ஒட்டாமலேயே.

இந்தத் தொழில்நுட்பம் நம் ஊருக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். லெட்டர்பிரஸ் அச்சகக் காலத்தில் பத்திரிகைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் படம் அச்சிட துத்தநாக ‘பிளாக்’ செய்தார்களே, அதுவும் இதே வழிதான். உலோகத்தின் மேல் ஒளி பட்டால் இறுகும் பூச்சு, அதன் மேல் படச்சுருள், ஒளி, கழுவல், பிறகு அமிலம். பிளாக்கில் அமிலம் பாதி ஆழம் போய் நிற்கும். பி.இ. தகட்டில் இரண்டு பக்கமிருந்தும் அரித்து நடுவில் சந்திக்கும். அமிலத்துக்குப் பதில் ஃபெரிக் குளோரைடு. பாலிடெக்னிக் மாணவர்கள் சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படுத்தும் அதே பழுப்புத் திரவம். திருமண அழைப்பிதழுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் கடைக்காரருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைப்பழக்கம்.

மெல்லிய பித்தளையோடும் இந்த மாவட்டத்துக்கு உறவு உண்டு. 1980களின் பிற்பகுதியில் ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை ஓடத் தொடங்கியபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. நான் இன்று பயன்படுத்தும் ட்வீசரும் கண்ணில் செருகும் லென்ஸும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் கருவிகளே.

இன்றும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. 2020இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடலும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பில் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இங்கே அநேகமாக யாரும் செய்யாத ஒரு பொருளுக்குக் காவல் வரி எதற்கு? பள்ளி மாணவன் ஒருவனுக்கு முதல் கிட் வாங்கித் தர நினைக்கும் அப்பா, விலையைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்.

தகடு கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பித்தளையாக்குவதும் எனக்கு ஒப்பாது. எட்ச் செய்த உறுப்பு தட்டையானது. ரெயிலிங்குக்கும் ஏணிக்கும் ரேடார் வலைக்கும் அது பொருந்தும். உருண்டையான பாய்மரத்துக்குத் தட்டையான தகட்டை வைத்தால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கப்பல் பொய் சொல்லும். அங்கே பழைய செம்புக் கம்பியே நேர்மையானது. பீரங்கிக் குழாய்க்குக் கடைசல் பித்தளை, சிக்கலான இயந்திரங்களுக்கு இப்போது வரும் 3டி பிரிண்ட் ரெசின். தகடும் முழு உண்மை அல்ல. 0.1 மில்லிமீட்டர் தகடு 1:350இல் மூன்றரை சென்டிமீட்டர். உண்மைக் கம்பி அதைவிட மெலிது.

நான்கு புகைபோக்கிகளோடு எம்டனைச் செய்யப்போகிறேன். உண்மையில் மூன்றுதான். ஆங்கிலேயக் கப்பல் என்று நம்பவைக்க நான்காவதாக ஒரு போலியை நிறுத்தி, 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்தார்கள். அந்தப் போலியைப் பித்தளையில் செய்யக் கூடாது. அது கித்தான் துணி, மெல்லிய காகிதத்தில் சற்றுத் தொய்வோடு செய்தால்தான் சரி.

அதற்குப் பிறகு டெல்லி. அஜாக்ஸ் கிட் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதற்கான தகட்டை நானே வரையத் தொடங்கியிருக்கிறேன். அன்று ஒரு மங்கல் படத்தை நம்பினோம். இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பழைய கப்பல் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கத் தருகிறது. வரைவதில் ஒரே விதி: எந்தக் கோடும் தகட்டின் தடிமனைவிட மெலிதாக இருக்கக் கூடாது, அதற்குக் கீழே போனால் திரவம் பக்கவாட்டில் அரித்துக் கோட்டையே தின்றுவிடும்.

தகட்டை அரிக்கப்போவதும் நானேதான். அரித்து முடித்த திரவத்தில் செம்பு இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றும் எண்ணமே வரக் கூடாது. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகே பல கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. சலவைச் சோடா போட்டால் செம்பு வண்டலாகப் படியும். அந்த வண்டலைக் காயவைத்து மூடிய டப்பாவில் தனியே வைக்க வேண்டும். அந்த டப்பாவை வாங்கி வைத்துவிட்டேன். ஒளியில் இறுகும் பூச்சுப் படலமும் வந்துவிட்டது. முதல் தகட்டில் டெல்லியின் ஏணிகளும், பீரங்கி மேடை போன இடத்தில் நின்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைச் சுற்றிய ரெயிலிங்கும் வரும்.