குழந்தைக்கு வயிறு போனால்: கடைக்காரர் அறிய வேண்டியவை



விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை என்று எழுதி வந்த நான் இம்முறை குழந்தை வைத்தியத்தைப் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். நான் டாக்டர் அல்லன். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து உட்கார்ந்தவன். ஆனால் நம் பகுதியில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாய்மார்கள் முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். "அண்ணாச்சி, குழந்தைக்கு வயிறு போகுது, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்காத நாள் இல்லை. அவர்களுக்கு நாம் எடுத்துக் கொடுக்கும் சரக்கு சரியானதாக இருக்க வேண்டும். ஒருமுறை நான் தவறான சரக்கை எடுத்துக் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2023 கோடையில் எங்கள் மண்டியில் மூட்டை இறக்கும் தம்பி ஒருவர் காலையில் வந்து, "முதலாளி, பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து வயிறு போகுது" என்றார். குழந்தைக்கு ஒன்றரை வயது. ஓ.ஆர்.எஸ். என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பழச்சுவை பானம் அப்போது என்னிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. நாலு எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றும் சொன்னேன். உதவி செய்த திருப்தி எனக்கு. மறுநாள் மாலை குழந்தைக்குக் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் இல்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலிப் பெட்டியைப் பார்த்த டாக்டரம்மா, "இது மருந்து இல்லை ஐயா, சர்க்கரைத் தண்ணீர். இதைக் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்" என்றார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக் குழந்தை பிழைத்தது. இன்று அங்கன்வாடிக்குப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு பெட்டி நினைவுக்கு வரும்.

இதன் விவரத்தை நம் பாஷையில் சொல்கிறேன். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் செலவாகின்றன. செலவான அளவுக்கு உடனே வரவு வைக்காவிட்டால் இருப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து. பெரியவர் தாங்குவார், குழந்தையிடம் இருப்பே கொஞ்சம்தான். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால் உப்பு ஈடாகாது. உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் சேர்ந்து போனால் குடல் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சும். கூடவே நீரையும் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை அளவுக்கு மீறினால் கதை தலைகீழ். உடம்பில் உள்ள நீர் குடலுக்குள் வந்து, பேதி கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி 1 லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம். இதுதான் உண்மையான ஓ.ஆர்.எஸ். பழச்சுவை பானங்களில் இதைப்போலப் பல மடங்கு சர்க்கரை இருந்தது. 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லை முன்னும் பின்னும் ஒட்டிக்கூடப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பழைய இருப்பு எங்காவது மூலையில் கிடந்தால் தயவுசெய்து விற்காதீர்கள். நூறு இருநூறு நஷ்டம் பெரிதல்ல.

இந்த எளிய மருந்தின் பெருமையையும் நாம் அறிய வேண்டும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லையில் உள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குப் போதிய பாட்டில் இல்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. பொட்டலம் கட்டியே உயிர் காத்தவர் அவர். பொட்டலம் கட்டிப் பிழைக்கும் நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, கேட்டு வருபவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை:

1. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கச் சொல்லுங்கள். உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

2. உறையில் போட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், குத்துமதிப்பு நீர் கூடாது. காய்ச்சி ஆறிய நீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

3. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கலாம்.

4. பொடி கைக்கு வரும்வரை 1 லிட்டர் நீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் கெடுதல், அளவு முக்கியம்.

5. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம் என்று வழக்கமான உணவும் தொடரட்டும். பட்டினி போடுவது பழைய தவறு.

6. துத்தநாக மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் 14 நாள். பேதி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

கடைப் பானம், குளிர்பானம், பேதி நிறுத்தும் மாத்திரை இவற்றைக் குழந்தைக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைப் பாதிக்கும். சளி இருமல் மருந்தும் டாக்டர் சீட்டு இல்லாமல் கூடாது.

எப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்? கண் குழிந்து, வாய் வறண்டு, கண்ணீர் வராமல் இருந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், குழந்தை சோர்ந்து, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே போதும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்தாலும், மூச்சு வேகமாக இழுத்தாலும் அப்படியே. வண்டி இல்லையென்றால் 108.

வந்தபின் ஓடுவதைவிட வராமல் காப்பது லாபம். சோப்புப் போட்டுக் கை கழுவுதல், காய்ச்சிய நீர், மூடிய பாத்திரம் முதல் காவல். அடுத்தது தடுப்பூசி. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரசுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் சொட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம். தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்ததும், மறுபடி 16 முதல் 24 மாதத்துக்குள்ளும். கொள்முதல் பாக்கிக்குத் தவணை நாள் தவறாத நாம், வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எத்தனை பேர் பார்க்கிறோம்? நாள் தவறியிருந்தால் விட்டுவிடாமல் செவிலியரைக் கேளுங்கள்.

கடையில் வேலை பார்ப்பவர் குழந்தைக்கு முடியவில்லை என்று விடுப்புக் கேட்டால், சீசன் நேரமானாலும் அனுப்பிவிடுங்கள். அன்று நான் நாலு பெட்டியைக் கொடுத்து, "இதைக் கொடு, சரியாகிவிடும்" என்று அவரை மூட்டை தூக்க நிறுத்திக்கொண்டேன். அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் நேர் செய்ய முடியவில்லை. நீங்களாவது அப்படி ஒரு பாக்கி வைக்காதீர்கள்.