கோப்பை வென்ற விதையை நம்பலாமா?

1988ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் விநோதமான ஒரு போட்டி நடந்தது. சிறந்த கஞ்சாவுக்குக் கோப்பை! அமெரிக்காவின் 'ஹை டைம்ஸ்' சஞ்சிகை ஆசிரியராக இருந்த ஸ்டீவன் ஹேகர் தொடக்கிவைத்த அந்த 'கனபிஸ் கப்'பில் முதலாண்டு வென்றது 'ஸ்கங்க் நம்பர் 1' என்ற இனம். பிறகு இப்படியான போட்டிகள் பெருகின. விதை விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களில், எத்தனை கோப்பை வென்றது என்பதே முதல் வரியாயிற்று.

நமது இலங்கையில் கஞ்சா பயிரிடுவது குற்றம். ஏற்றுமதிக்காக வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று 2025இல் வந்த செய்தியிலும் சாதாரண கமக்காரருக்கு இடமில்லை. ஆனாலும் அந்தக் கோப்பையின் பின்னாலுள்ள அறிவியல் திருகோணமலை வயல்காரருக்கு மிகவும் வேண்டியது. பரிசு வாங்கிய இனம் என்றதும் விதைச் சாக்கை அவிழ்த்துப் பார்க்காமலே காசைக் கொடுக்கிறவர்கள் எல்லாப் பயிரிலும் இருக்கிறார்கள்.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் பறந்து போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு தனித்தனிச் செடிகளின் பிள்ளை. தாயிடமிருந்து 10 நிறமூர்த்தம், தந்தையிடமிருந்து 10. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் குணம் வரும் என்பது விதைக்கு விதை மாறும். போட்டிக்குப் போகிறவர் செய்வது என்ன? நிறைய விதைகளை முளைக்கவைத்து, அவற்றுள் மிகச் சிறந்த ஒரேயொரு செடியைத் தேர்ந்து, அதிலிருந்து துண்டம் வெட்டி நட்டுப் பெருக்குகிறார். நடுவர்களின் மேசைக்கு வருவது அந்த ஒற்றைச் செடியின் பூ. கடையில் கிடைக்கும் விதைப் பொதியில் இருப்பதோ அதன் கூடப்பிறந்தவை, அல்லது பிள்ளைகள். புலமைப்பரிசில் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தம்பி என்பதற்காக, அவனுக்கும் 190 புள்ளி வரும் என்று பந்தயம் கட்டுவது போன்றது இது. வரலாம். வராமலும் போகலாம்.

பெயரையாவது நம்பலாமா? கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும், நாருக்காக வளர்க்கும் வகையில் 43 மாதிரிகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பெயர் கொண்ட கஞ்சா மாதிரிகளை ஒப்பிட்டபோது, அந்த ஒப்பீடுகளில் 35 வீதத்தில் அவை தம்மோடு ஒரே பெயர் கொண்டவற்றைவிட வேறு பெயர் கொண்டவற்றுக்கே நெருங்கிய உறவாக இருந்தன. பல காலம் சட்டத்துக்கு மறைவாகக் கைமாறிய பயிர் அது. நெல்லுக்கு இருப்பதுபோல் இனத்தைப் பதிந்து, தூய்மையைச் சோதித்து, முத்திரை குத்த ஓர் அலுவலகம் அதற்கு இருக்கவில்லை. கோப்பை வென்ற பெயரை எவரும் தம் பொதியில் ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது நடுவர்களின் நாக்கு. கஞ்சாப் போட்டிகளை எவரும் பெரிதாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை, வைனை ஆராய்ந்திருக்கிறார்கள். கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று வைன் தயாரித்த றொபர்ட் ஹொட்ஜ்சன், தன் வைன் ஓரிடத்தில் தங்கம் வாங்கி இன்னோரிடத்தில் வெறுங்கையோடு திரும்புவது ஏன் என்று கேட்டவர். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஒரே போத்தலின் வைனை மூன்று கிண்ணங்களில் ஊற்றி, நடுவர்களுக்குத் தெரியாமல் மற்றவற்றோடு கலந்து வைத்தார்கள். மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் புள்ளி போட்டவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். 2009இல் அவர் 13 போட்டிகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்தார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் போன 2,440 வைன்களில் 47 வீதம் எங்காவது தங்கம் வென்றிருந்தன. அப்படித் தங்கம் வென்றவற்றில் 84 வீதம் வேறோரிடத்தில் எந்தப் பரிசும் பெறாதவை. பயிற்சி பெற்ற நடுவர்கள், தெளிவான விதிகள் உள்ள துறையிலேயே நிலைமை இது. புகைத்துப் பார்த்துப் புள்ளி போடும் நடுவர், பத்தாவது மாதிரிக்கு வரும்போது எந்த நிலையில் இருப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இனி நெல்லுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுகிறது. அதனால் தூய இன நெல்லின் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். பெயரும் பொய் சொல்லாது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பிஜி 300 மூன்று மாத நெல். பிஜி 352 மூன்றரை மாதம். 400 என்று தொடங்கினால் நான்கு மாதம். இலக்கத்திலேயே வயது இருக்கிறது. குளத்தில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் உண்டு என்று போகத்துக்கு முன் நடக்கும் கமக்காரர் கூட்டத்தில் சொன்னால், எந்த இலக்கத்தை விதைப்பது என்று கமக்காரர் மனக்கணக்கிலேயே முடிவெடுத்துவிடுவார். எந்தக் கோப்பையும் இவ்வளவு பயனுள்ள செய்தியைச் சொன்னதில்லை.

நெல்லில் விதை உண்மை பேசும். பரிசுதான் வேறொன்றைப் பேசும். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் தர்வேஷ்புரா என்றொரு கிராமம். 2011இல் அங்கே ஒரு விவசாயியின் வயலில் ஹெக்டேயருக்கு 22.4 தொன் நெல் என்று அளந்து உலக சாதனை என்றார்கள். நமது கணக்கில் ஏக்கருக்கு 430 புசலுக்கு மேல்! 100 புசல் கண்டாலே நல்ல விளைச்சல் என்கிற நமக்கு இது நம்பக் கடினம். நமக்கென்ன, 19 தொன் என்ற முந்தைய சாதனைக்குரிய சீன விஞ்ஞானி யுவான் லோங்பிங்கே நம்ப மறுத்தார். அந்த அளவீடு சரியா பிழையா என்பதை விடுங்கள். அங்கே கையாண்டது, இளநாற்றை ஒவ்வொன்றாக அகல இடைவெளி விட்டு நடும் முறை. நமது பக்கம் பெரும்பாலும் வீசி விதைக்கிறோம். விதைத்ததும் கலப்பின நெல். அதன் மணியை எடுத்துவைத்து அடுத்த போகம் விதைத்தால், குணங்கள் பிரிந்து, கஞ்சா விதை போலவே ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அந்தச் சாதனையைப் பார்த்து விதையை மட்டும் வாங்கிவருகிறவர், சாதனையில் மிகச் சிறிய பங்கைத்தான் வாங்குகிறார்.

நமது மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். கந்தளாய்க் குளத்து நன்னீர் பாயும் தம்பலகாமம் வயலொன்றில் ஓர் இனம் மாவட்டத்தில் முதலாவதாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நெல்லை இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கம், களப்போரமாக உப்பு ஏறும் நிலத்தில் விதைத்தால்? நாற்றுப் பருவத்திலேயே இலை நுனி வெளிறிச் சுருளும். கதிர் வந்தாலும் பாதி பதராகப் போகும். அங்கே உப்பைத் தாங்கும் ஏடி 354 போன்ற இனம்தான் கைகொடுக்கும். நல்ல மண்ணில் அது மற்றவற்றைவிடக் குறைவாகக் கண்டாலும், உப்பு மண்ணில் முந்துவது அதுதான். எந்த இனம் சிறந்தது என்ற கேள்வியே அரைகுறை. எந்த வயலுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு. விவசாயத் திணைக்களம் ஓர் இனத்தை வெளியிடுமுன் பல வலயங்களில், பல போகங்களில் பயிரிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பரிசோதனையில் கைதட்டல் கிடையாது. என்னைக் கேட்டால் பத்துக் கோப்பைக்கு அது ஒன்றே ஈடாகும்.

விதை நெல்லை வீட்டிலேயே சோதிக்கலாம். எண்ணி 100 மணியை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். 85க்கு மேல் முளைத்தால் துணிந்து விதைக்கலாம். ஒரு வாளி நீரில், புதிய கோழிமுட்டை மிதந்து அதன் முதுகு ஒரு நாணயமளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் சோடையும் மேலே வரும். அடியில் தங்குவதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவினால் விதைக்குத் தயார். கையில் அள்ளிப் பார்க்கும்போது மீசையுள்ள மணி கலந்திருந்தால் களை நெல்லாக இருக்கக்கூடும். அதை ஒரு தரம் வயலுக்குள் விட்டால், பிறகு வருடக்கணக்காகப் பிடுங்க வேண்டியிருக்கும்.

வருகிற பெரும்போகத்துக்கு விதை வாங்கப் போகும்போது, என்ன பரிசு வாங்கியது என்று கேட்காதீர்கள். அத்தாட்சிப்படுத்திய விதையா, எத்தனை மாத நெல், என் மண்ணுக்கும் தண்ணீருக்கும் சரிவருமா என்ற மூன்றையும் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.