ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு... உங்கள் வலைப்பூவுக்கு ‘கேச்’ சரியாக இருக்கிறதா?

ஊறுகாய், பொடி வகைகளை வீட்டிலிருந்தே விற்கும் பலர், இன்று சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு முதன்மைத் தளம். சமையல் குறிப்பு எழுத, அதற்குள்ளேயே ‘பிளாக்’ என்ற துணை ஃபோல்டரில் வேர்ட்பிரஸ் வலைப்பூ. குறிப்பைப் படிக்க வருபவர் பொடியையும் வாங்குவார் என்பது கணக்கு. ஆனால், மொபைலில் பக்கம் திறக்கவே நேரமானால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அதற்குத்தான் கேச்சிங்.

அது என்ன?

யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் தேடியெடுத்து அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. இட்லி கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாவு அரைப்பது மாதிரி! கேச் பிளகின், தயாரான பக்கத்தின் நகலை எடுத்துவைத்து அடுத்தவருக்கு அதையே தந்துவிடும். ‘டபிள்யூபி சூப்பர் கேச்’ அப்படி ஓர் இலவச பிளகின்.

துணை ஃபோல்டரில் என்ன சிக்கல்?

வெளியிலிருந்து பார்க்க ஒரே வீடு. உள்ளே இரண்டு அடுப்பு. அப்பாச்சி சர்வரில், வழிகாட்டும் விதிகள் ‘எச்டிஅக்சஸ்’ என்ற ஃபைலில் இருக்கும். முதன்மைத் தளத்துக்கு ஒன்று, வலைப்பூவுக்கு ஒன்று என இரண்டு இருக்கலாம். எதில் எழுதுவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் இரண்டு ஃபைல்களையும் பேக்கப் எடுங்கள். பெயர் புள்ளியில் தொடங்குவதால் இவை கண்ணில் படாமல் போகலாம். ஃபைல் மேனேஜரில், மறைந்துள்ள ஃபைல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள்.

2. பிளகினில் ‘சிம்பிள்’, ‘எக்ஸ்பர்ட்’ என இரண்டு முறைகள் உண்டு. புதியவர்களுக்கு சிம்பிள் போதும். அதற்கு எச்டிஅக்சஸைத் தொடவே வேண்டாம்.

3. எக்ஸ்பர்ட் முறைதான் வேண்டும் என்றால், வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் உள்ள இரண்டு முகவரிகளைப் பாருங்கள். இரண்டும் ‘/பிளாக்’ என்று முடிந்தால், விதிகள் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலில் இருக்க வேண்டும். ‘ரீரைட்பேஸ்’ வரியிலும் ஃபோல்டர் பெயர் வர வேண்டும். தள முகவரியில் மட்டும் ஃபோல்டர் பெயர் இல்லையென்றால், விதிகள் முதன்மை ஃபைலில் இருக்க வேண்டும். அப்போதும் சேமித்த நகல்கள் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். விதியில் அந்தப் பாதை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையில் ‘எல்லாவற்றையும் கேச் செய்’ என்று விதி போடுவதானால், வலைப்பூ ஃபோல்டருக்கு மட்டும் போடுங்கள். அதிலும் லாகின், அட்மின் பக்கங்களை விலக்கிவிடுங்கள். முதன்மைத் தளத்தின் கூடை, பணம் செலுத்தும் பக்கம், ‘என் கணக்கு’ ஆகியவை ஒருபோதும் கேச் ஆகக் கூடாது. ஆனால், ஒரு வாடிக்கையாளரின் முகவரியும் போன் நம்பரும் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடலாம்.

5. லாகின் செய்யாமல், இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். உங்கள் மொபைலில் பழைய நகல் இருந்தால் அது உங்களையே ஏமாற்றிவிடும்.

விலை மாறினால்?

வலைப்பூவில் ஒரு குறிப்பைத் திருத்தினால், பிளகின் பொதுவாக அதன் பழைய நகலைத் தானே நீக்கிவிடும். முதன்மைத் தளத்தில் நீங்கள் விலையை மாற்றியது மட்டும் அதற்குத் தெரியாது. அங்கிருந்து விலையை எடுத்து வலைப்பூவில் காட்டுகிறீர்கள் என்றால், நகல் நீங்கும்வரை பழைய விலைதான் தெரியும். தீபாவளி நேரத்தில், “அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலையா?” என்று வாடிக்கையாளர் கேட்டால், போவது நம் பெயர்தான்.

எனவே விலை, சலுகை, டெலிவரி நாள் எதை மாற்றினாலும், கையோடு வலைப்பூவின் கேச்சையும் ‘டெலீட்’ செய்துவிடுங்கள். அரைத்துவைத்த மாவு வேலையைக் குறைக்கும். புளித்துப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாக அரைப்பதுதானே வழக்கம்!