அலுமாரிக்குள் இருந்த ஆங்கிலம்

2021-இல் இலங்கையின் பதுளை மாவட்டத்திலுள்ள லுணுகலை உலகச் செய்திகளில் இடம்பிடித்தது. கொரோனாவில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த நேரம். சிக்னல் கிடைக்காத பிள்ளைகளைப் பெரியவர்கள் காட்டு வழியாக மலை உச்சிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஏறத்தாழ 30 அடி உயரத்தில், மரத்தில் கட்டிய பரணில் ஏறி, முறைவைத்துப் பாடங்களை இறக்கினார்கள், வீட்டுவேலைகளை ஏற்றினார்கள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளைகளின் ஆர்வத்தை மெச்சினார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு பாடுபட்டு இறக்கியதில் சும்மா வாசிக்க ஒரு கதை இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்தக் காலத்துத் தோட்டப் பாடசாலையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்புகளும் ஒன்றாக. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1907-லும் 1920-லும் சட்டங்கள் வந்தன. அவை கேட்டது தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிகிற அளவுதான். அதற்கு மேல் படித்த பிள்ளை கொழுந்துக் கூடை தூக்காது என்று துரைமார் பயந்தார்கள். ஆங்கிலம் வேண்டுமென்றால் பதுளைக்குப் போய் மிஷன் பாடசாலையில் சேர வேண்டும். அது உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளைகளுக்கும் முடிந்தது. லயத்துத் தொழிலாளியின் பிள்ளைக்கு முடியவில்லை. மடகொம்பரையில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாகவே எழுதி 1954-இல் நூலாக்கினார். மலையகத்திலிருந்து அப்படி ஆங்கிலத்துக்குள் நுழைந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாக எடுத்துக்கொண்டது. 1980-இல் இலவசப் பாடநூல் வந்தது. லயத்துக்குள் ஆங்கிலம் முதன்முதலாக அச்சில் வந்தது பெரும்பாலும் அப்படித்தான், வருடத்துக்கு ஒரு புத்தகமாக. அதிபர் அறையில் ஓர் அலுமாரி இருந்த பாடசாலைகளும் உண்டு. ரேடியண்ட் வே, லேடிபேர்ட் போன்ற, நன்கொடையாக வந்த ஆங்கிலப் புத்தகங்கள் அதற்குள் கிடக்கும், சாவி அதிபரிடம் இருக்கும். ஒரு புத்தகம் தொலைந்தால் இன்வென்டரியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும், இரண்டாம் மொழியை நிறைய வாசித்தே பிடித்துக்கொள்ளலாம் என்பது பழைய விஷயம். மொழிக்கல்வி அறிஞர் ஹரோல்ட் பாமர் 1917-லேயே இதை எழுதிவிட்டார். மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளர் 1920-களில் டாக்காவில் வங்காளப் பையன்கள் ஆங்கிலம் படிப்பதைப் பார்த்துவிட்டு, சொற்களை எண்ணிக் குறைத்த எளிய வாசிப்பு நூல்களை எழுதத் தொடங்கினார். 1980-இல் பிஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் 4ஆம், 5ஆம் வகுப்புகளுக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அந்த ஆய்வை நடத்திய இருவரில் ஒருவரான வார்விக் எல்லி 1990-களின் நடுவில் இலங்கைக்கும் வந்தார். சின்னஞ்சிறு ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்த திட்டத்தைப் பற்றி 1996-இல் அறிக்கையும் எழுதினார். ஆக, புத்தகம் கொடுத்தால் பலன் உண்டு என்பதை யாரும் நமக்குப் புதிதாக நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

இன்று லுணுகலைப் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. ரீலோட் போட்டால் ஆங்கிலம் கொட்டுகிறது. சனி, ஞாயிறு ரியூசன், அதில் கட்டுக்கட்டாகப் பாஸ்ட் பேப்பர். சாதாரண தரத்துக்குப் போகும் பிள்ளை ஒரு வருடத்தில் பார்க்கும் ஆங்கிலப் பந்திகளை அன்றைய வாத்தியார் ஆயுளிலும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எல்லாம் பந்திகள். பந்திக்குக் கீழே ஐந்து கேள்வி. விடை கிடைத்ததும் பந்தியின் வேலை முடிந்தது. கதை என்று ஒன்று கைக்கு வந்தாலும் அது வயதுக்குப் பார்த்து வருகிறதே தவிர, தெரிந்த சொல்லுக்குப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதிக்கொண்டு போகும் பிள்ளை இரண்டாம் பக்கத்தில் களைத்துவிடும். நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருந்தால்தான் உதவியில்லாமல் சுகமாக வாசிக்க முடியும் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டுக் கதையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பெற்றோருக்கும் டீச்சருக்கும் அது கௌரவக் குறைவாகப் படுகிறது. இந்தக் கௌரவம்தான் அன்றைய அலுமாரிப் பூட்டின் வேலையை இன்று செய்கிறது என்பேன்.

பணமும் ஒரு தடைதான். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021-இல் 1000 ரூபாய், 2024-இல் 1350. இங்கிலாந்தில் அச்சாகும் எளிய வாசிப்பு நூல் ஒன்றே அதைவிட அதிக விலை. ஆனால் 2015-இல் பிரதம் புக்ஸ் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு படிநிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. டவுனுக்கு வரும் டீச்சர் முப்பது கதையை இறக்கி வைத்துக்கொண்டால் போனிலிருந்து போனுக்குக் கடத்திவிடலாம். வாசிப்பதற்கு சிக்னல் தேவையில்லை.

பிறகு வேண்டியது கால அட்டவணையில் இடம். ஆங்கிலப் பாடவேளையில் இருபது நிமிடத்தை, வாரம் இரண்டு தடவை, சும்மா வாசிக்க விட்டுவிடலாம். கேள்வி வேண்டாம், சுருக்கம் எழுதச் சொல்ல வேண்டாம், பிடிக்காத கதையைப் பாதியில் விட அனுமதிக்கலாம். கதையின் பெயர், பக்கம், பிடித்ததா இல்லையா என்று பிள்ளை ஒரு கொப்பியில் குறித்தால் போதும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர் “அந்த இருபது நிமிடம் என்ன படிப்பித்தீர்கள்?” என்று கேட்டால், டீச்சர் அந்தக் கொப்பியை எடுத்து நீட்டலாம்.