தேரைத்தோலும் சூரைமீனும்

தோலின் மேற்படலம் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகப் புதிதாகிறது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, தட்டையாகி, செத்து, செதிலாக உதிர்கின்றன. உதிருமுன் அவை செங்கல் வரிசைபோல் அடுக்கி நிற்கின்றன; இடையில் பூசிய சாந்து கொழுப்பு. சாந்து கெட்டியாக இருந்தால் உடம்பின் ஈரம் வெளியே போகாது, வெளியிலிருந்து எரிச்சலூட்டுவது எதுவும் எளிதில் உள்ளே வராது. இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியிலிருந்து படகேறிப் போகும் உச்சமுனை போன்ற தீவில், உப்புக்காற்றிலும் வெயிலிலும் வலை இழுப்பவருக்கு இதுவே முதற்கவசம். அதற்கான மூலப்பொருள் சோற்றுப் பானையிலிருந்தும் கறிச்சட்டியிலிருந்தும் வருகிறது.

அந்தப் பொருள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளில் கண்டார்கள். கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளுக்கு வாலும் காலும் செதில் செதிலாயின. தோல்வழியே ஈரம் போய்க்கொண்டே இருந்ததால் அவை அதிகமாகத் தண்ணீர் குடித்தன. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பைச் சிறிதளவு சேர்த்ததும் தோல் தேறியது. நம் உடம்பாலும் அதைச் செய்துகொள்ள முடியாது; உண்டுதான் பெற வேண்டும்.

எலிகளுக்கு வந்ததற்கு நெருங்கிய, மனிதரிடம் காணும் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தவர் இலங்கையில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் லூசியஸ் நிக்கல்ஸ். முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் கடினமான முளை ஒன்று அடைத்துக்கொள்ளும். கையால் தடவினால் தேங்காய்த் துருவியின் பல்லைத் தொட்டாற்போல் இருக்கும். அதைப் பார்த்து, தேரையின் தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ‘ஃப்ரைனோடெர்மா’ என்று 1933இல் எழுதினார். உணவில் வைட்டமின் குறைவதால் வருவது என்றும் சொன்னார். நோஞ்சானாகிப் போன குழந்தையைத் ‘தேரை விழுந்தது’ என்றும், பருப்பு வற்றிய காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்றும் சொல்லும் தமிழருக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. முதலில் வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று நம்பப்பட்டது. பின்னர் இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அது மட்டும் போதாது என்று காட்டின. லினோலெயிக் போன்ற இன்றியமையாத கொழுப்பும் பி வகை வைட்டமின்களும் சேரும்போதே தோல் வழவழப்புக்குத் திரும்பியது. ஒரே சத்தைக் குறிவைத்து மாத்திரை விழுங்குவதில் உள்ள குறை இதில் தெளிவாகத் தெரிகிறது.

புத்தளம் தென்னை நாடு. இங்கே இன்றியமையாத கொழுப்பு கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தேங்காயெண்ணெயில் பாதிக்கு நெருக்கம் லாரிக் அமிலம். லினோலெயிக் அமிலமோ நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். நல்லெண்ணெயில் நாற்பதுக்கு மேல். தேங்காயைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூப் போடுவது மிக நல்ல பழக்கம். இலையில் உள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறி வைட்டமின் ஏ ஆகும். ஆனால் தேங்காய் ஒன்றே போதாது. எள், கச்சான், பயறு ஆகியவையும் சட்டிக்கு வர வேண்டும். சாளை, சூரை போன்ற கொழுப்பு மீன்கள் தரும் ஒமேகா-3 வேறு வகை. அது அழற்சியைத் தணிக்க உதவுகிறது.

தோலின் நலம் உடம்பின் உள்சமநிலையையும் பொறுத்தது. உள்சமநிலை என்றால் நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்பார்கள். யூனானி ஹக்கீம்கள் நான்கு திரவங்களைச் சொல்வார்கள். இன்றைய மருத்துவம் ஹார்மோன்களைப் பார்க்கிறது. உணவு அவற்றை அசைப்பது முகப்பருவில் தெரிகிறது. பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் கிழங்கு, மீன், தேங்காய், பழம் தின்று வாழ்ந்த 1,200 பேரைச் சோதித்ததில் முகப்பரு ஒருவருக்கும் இல்லை என்று 2002இல் லோரன் கோர்டெய்ன் குழுவினர் எழுதினார்கள். பரம்பரைக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் நடந்த சோதனையில், இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் உண்டவர்களுக்கு மற்றவர்களைவிடப் பரு கூடுதலாகக் குறைந்தது. வெள்ளைப் பாணும் சீனி நிறையப் போட்ட தேநீரும் இன்சுலினை எகிறச் செய்கின்றன. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. மீனும் தேங்காயும் முன்போலவே இருக்க, அவற்றோடு பாணும் சீனியும் வந்து சேர்ந்த வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

இனி ‘கிரந்தி’. இறாலும் கத்தரிக்காயும் கருவாடும் தின்றால் கிரந்தி, சொறி போன்ற தோல்நோய் வரும் என்று அவற்றை விலக்குவது இலங்கைத் தமிழர் வழக்கம். இறாலுக்கு உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. ஆனால் சூரை தின்று முகம் சிவந்து தினவெடுப்பவர் பலருக்கு அது ஒவ்வாமையே அல்ல. சூரை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் படகின் தட்டில் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் மீன் நல்லதாகவே படலாம். நாக்கில் மட்டும் சிலவேளை மிளகு கடித்தாற்போல் ஓர் உறைப்பு. பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தினவெடுத்து, தலை இடிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். உருவான ஹிஸ்டமினைக் கொதியும் பொரியலும் உப்பும் புகையும் அழிப்பதில்லை. பழுதான மீனைக் கருவாடாக்கினால் அதுவும் கூடவே காயும். கருவாட்டை விலக்கிய பழைய பத்தியத்தில் ஓரளவு நியாயம் இருப்பது இதனால்தான்.

ஒவ்வாமையையும் ஹிஸ்டமினின் விளைவையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே சட்டியில் உண்ட பலருக்கும் ஒன்றாகச் சிவந்தால் குற்றம் பெரும்பாலும் மீன் பழுதானதில். ஒருவருக்கு மட்டும், அதே மீனைத் தின்னும் ஒவ்வொரு முறையும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அவர் மருத்துவரைக் கேட்காமல் அதை மறுபடி தொடக்கூடாது. மூச்சு முட்டினாலோ உதடும் நாக்கும் வீங்கினாலோ எது காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. தீவில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போகக் கரைக்கு உடனே படகெடுக்க வேண்டும். பழுதாகாமல் காப்பதற்கு, வலையிலிருந்து எடுத்த கையோடு மீனை ஐஸில் புதைத்து, சட்டியில் ஏறும்வரை நான்கு பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறாமல் வைத்திருக்க வேண்டும்.