ப்ளஃப் அடிக்கப் பொறுமை வேண்டும்

2003-ல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டியின் இறுதிக் கட்டம். டென்னஸி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயர்தான்!) கையில் ஒரு ஜோடிகூட இல்லை. இருந்த சில்லுகளையெல்லாம் பந்தயமாகத் தள்ளினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்துவிட்டார். மணிமேக்கர் வென்ற பரிசு 25 லட்சம் டாலர்.

அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்துவிட்டு நானும் நண்பர் வீட்டில் ஆட உட்கார்ந்தேன். வந்த சீட்டையெல்லாம் ஆடினேன். ஒரு மணி நேரத்தில் இருபது டாலர் காலி. என் ப்ளஃபை ஒருவரும் நம்பவில்லை.

ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. மேசையில் பொதுவாக ஐந்து. முதல் இரண்டும் ஏஸாக வருவது 221 முறைக்கு ஒரு முறைதான். பெரும்பாலான கைகளை ஆடாமல் விட்டுவிடுவதே நல்ல ஆட்டம்.

அடுத்தது கணக்கு. உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின், மேசையில் விரித்த நான்கில் இரண்டு ஹார்ட்டின். கடைசிச் சீட்டும் ஹார்ட்டின் என்றால் உங்களுக்கே வெற்றி என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் படாத 46 சீட்டில் ஹார்ட்டின் 9. மேசையில் 80 டாலர் இருக்க, எதிராளி 20 கட்டுகிறார். நீங்கள் 20 போட்டால் 100 கிடைக்கலாம். 46 முறை இப்படி ஆடினால் வரவு 900, செலவு 740. தாராளமாக ஆடலாம். அவரே 80 கட்டினால் வரவு 1440, செலவு 2960. விலகுவதே புத்தி.

ப்ளஃபுக்கும் கணக்கு உண்டு. மேசையில் 100 இருக்கும்போது 50 கட்டி ப்ளஃப் அடித்தால், மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினாலே முதலுக்கு மோசமில்லை. ஆனால் அவர் விலக வேண்டுமானால் உங்களை நம்ப வேண்டும். ஒரு மணி நேரம் சும்மா இருந்தவன் பணம் கட்டினால் நம்புவார்கள். எல்லாவற்றுக்கும் கட்டுகிறவனை யார் நம்புவார்கள்? மறுபக்கமும் உண்டு. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944-ல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல் சொல்வது இதுதான்: ஒருபோதும் ப்ளஃப் அடிக்காதவர் நல்ல கையோடு வரும்போது எல்லோரும் விலகிவிடுவார்கள்.

மேலே சொன்ன ஹார்ட்டின் கணக்கை மறுபடி பாருங்கள். முடிவு சரியானது, ஆனாலும் 46-ல் 37 முறை தோல்விதான். அந்த 37-ஐ முகம் சுளிக்காமல் தாங்குவதுதான் பொறுமை. வாடகைப் பணத்தோடு உட்கார்ந்தவனுக்கு அது வராது.